தலை முன்பே ஈரமாயிருந்தது

பிப்ரவரி 4

அன்புள்ள பெரிசுக்கு,

பொடிசு எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீயும் அத்தையும் சுகமா? அத்தையின் காதுக்குக் கத்திக் கத்தியே உன் தொண்டை கட்டிவிட்டது என்று எழுதியிருந்தாயே, இப்போது குரல் வந்துவிட்டதா?

நேரே விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மருந்துத் தொழிற்சாலையில் என் மேசைக்கு எதிரே லேபிள் ஒட்டும் இயந்திரத்தில் நிற்பவளைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அதன் ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி ஞானத்தாயாக நிற்க என்னைக் கேட்டிருக்கிறாள். இரண்டு நாளாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கு ஏன் குழந்தை இல்லை என்ற பேச்சை நான் யாரிடமும் எடுப்பதில்லை, உன்னிடம்கூட. அப்படிப்பட்டவளிடம் ஒருத்தி தன் பிள்ளையைத் தொழிற்சாலைக்கே தூக்கிக்கொண்டு வந்து நீட்டி, “நீங்கதான் பிடிச்சுக்கணும்” என்று சொல்கிறாள். நான் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து மறுபடி அட்டைப் பெட்டிகளைச் சரிபார்த்தேன்.

எங்கள் பங்குச் சாமியார் நல்ல மனிதர், ஆனால் தாள் பைத்தியம். ஞானத்தாயாக நிற்பவள் ஞானஸ்நானம் பெற்றவள் என்பதற்குச் சொந்தக் கோயிலிலிருந்து சான்று வேண்டும் என்கிறார். உன் கண்ணாடிக் கடையிலிருந்து நம் கோயில் எட்டு நிமிட நடை. அலுவலகத்தில் வாங்கி அனுப்பிவிடு. மார்ச் கடைசி ஞாயிறு விழா. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் பேசினால் நாம் சண்டையில்தான் முடிப்போம், இனி எல்லாம் கடிதம்தான் என்று அம்மா இறந்த வருஷம் நாமே போட்ட ஒப்பந்தம் இருக்கிறதே.

அத்தைக்கு என் அன்பு.

உன்னைவிட இருபதே நிமிடம் இளைய,
பொடிசு


பிப்ரவரி 26

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் ஆண்டவர் தயவால் நலம். உன் இடுப்பு வலி எப்படி? நின்றுகொண்டே வேலை செய்யாதே, ஒரு முக்காலி கேட்டு வாங்கு.

அத்தையின் காதுக்கு ஒரு கருவி வாங்கினோம். அதை மாட்டிக்கொண்ட முதல் நாள், “இந்த வீட்டுல இவ்வளவு சத்தமா!” என்று கழற்றிப் பெட்டியில் வைத்தவர்தான். கடையில் போன வாரம் ஒரு பெரியவர் வந்து புதுக் கண்ணாடி சரியில்லை என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார். கடைசியில் பார்த்தால் அவர் மூக்கில் இருந்தது அவர் மனைவியின் கண்ணாடி. உனக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். மாடிக் குழாயை மாற்றியாயிற்று. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை இப்போது வேறொருவர் எடுக்கிறார். பதினேழு வருஷம் எடுத்தாயிற்று, கொஞ்சம் ஓய்வு.

சான்று விஷயம். கோயில் குமாஸ்தா விடுப்பில் போயிருக்கிறார். வந்ததும் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரிசு


மார்ச் 6

பெரிசுக்கு,

சுகம். சுகமா?

ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். மாடிக் குழாய்க்கு ஒரு வரி, யாரோ ஒருவர் மூக்குக்கு நாலு வரி. நான் கேட்ட தாளுக்கு இரண்டு வரி. குமாஸ்தா விடுப்பில் போனால் கோயிலே விடுப்பில் போய்விடுமா? சாமியார் இருக்கிறார், பதிவேடு இருக்கிறது, எடுத்துப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட ஐந்து நிமிடம் ஆகுமா?

கோபப்படக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். லேபிள்காரி பிரசவ விடுப்பிலும் தினமும் போன் போட்டுக் கேட்கிறாள், “அக்கா, தாள் வந்துடுச்சா?” என்று. தபால்காரர் மேல் பழியைப் போட்டுக்கொண்டு இருக்கிறேன். குழந்தைக்கு நானே ஒரு வெள்ளைச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். தயவு செய்து இந்த வாரம் போ.

பொடிசு


மார்ச் 19

அன்புள்ள பொடிசுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

போனேன். பழைய பதிவேடுகளை பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறார்களாம். எப்போது வரும் என்று தெரியவில்லை. இவ்வளவு அவசரம் என்றால் இந்த முறை வேறு யாராவது நிற்கட்டுமே? குழந்தையை நீ எப்போது வேண்டுமானாலும் தூக்கிக் கொஞ்சலாம், ஞானத்தாயாக இருந்தால்தானா?

அத்தைக்குச் சளி. வேறு விசேஷமில்லை.

பெரிசு


ஏப்ரல் 3

பெரிசுக்கு,

உன் சுகத்தைக் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். அத்தையின் சளி விட்டதா?

ஞானஸ்நானம் முடிந்துவிட்டது. லேபிள்காரியின் நாத்தனார் ஞானத்தாயாக நின்றாள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் வாங்கிய சட்டையைத்தான் குழந்தைக்குப் போட்டிருந்தார்கள். தலையில் தண்ணீர் விழுந்ததும் அது கண்ணை விரித்து எல்லாரையும் முறைத்தது, அழவில்லை. “வேறு யாராவது நிற்கட்டுமே” என்று எழுதினாயே, நின்றார்கள். போதுமா?

உன்னை நம்பிப் பயனில்லை என்று உன் போன கடிதம் வந்த அன்றே நானே கோயில் அலுவலகத்துக்கு எழுதினேன். ஒன்பதே நாளில் பதில் வந்துவிட்டது. பைண்டிங்கும் இல்லை, விடுப்பும் இல்லை. பதிவேட்டின் நகலே வந்திருக்கிறது. முதல் வரியில் நீ, இரண்டாம் வரியில் நான். ஒரே தேதி, ஒரே ஞானத்தாய், அத்தை. என் வரிக்கு எதிரே, குறிப்பு என்ற இடத்தில், அந்தக் காலத்துச் சாமியார் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்: ‘இரட்டையர். இரண்டாம் குழந்தையின் தலை முன்பே ஈரமாயிருந்தது. ஐயம். விசாரிக்க.’

அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. தலை எப்படி முன்பே ஈரமாகும்? ஒரே குழந்தையை இரண்டு தடவை நீட்டினால்தான் ஆகும். முதலில் உன் பெயர். அப்படியென்றால் உன்னையே இரண்டாம் முறையும் என் பெயர் சொல்லி நீட்டியிருக்கிறார்கள். நான் எங்கே இருந்தேன்? என் தலையில் யார் தண்ணீர் ஊற்றினார்கள்?

எங்கள் சாமியாரிடம் நகலைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “அன்னிக்குக் கூட இருந்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களாம்மா? கேட்டு எழுதச் சொல்லுங்க” என்றார். இருப்பது அத்தை ஒருவர்தான். காதில் அந்தக் கருவியை மாட்டிவிட்டுக் கேள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்.

பொடிசு


ஏப்ரல் 30

அன்புள்ள பொடிசுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்து இருபது நாளாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். கடையில் ஆள் குறைவு.

அத்தைக்கு ஒன்றும் நினைவில்லை. நாற்பத்தொரு வருஷத்துக் கதை. அந்தச் சாமியாருக்கு அப்போதே நல்ல வயது, கையில் நடுக்கம் வேறு. தண்ணீரைக் கண்ட இடத்தில் சிந்தியிருப்பார். அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உனக்கு ஒரு குறையும் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். நிம்மதியாக இரு.

எனக்கு முட்டி வலி. பூசைக்குப் போனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

பெரிசு


மே 25

பெரிசுக்கு,

உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

‘எனக்கு நன்றாகத் தெரியும்’ என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எப்படித் தெரியும்? நீயும் அன்றைக்கு நாற்பது நாள் குழந்தைதானே? ஆறுதல் சொல்வதாக நினைத்து இப்படி ஏதாவது எழுதாதே, எரிச்சலாக வருகிறது.

சாட்சி சொல்ல ஆளில்லை என்றானதால் சாமியார் ஒரு வழி சொன்னார். ஐயம் இருந்தால் நிபந்தனையோடு ஞானஸ்நானம் கொடுக்கலாமாம். போன சனிக்கிழமை காலை நடந்தது. சாமியார், நான், சாட்சிக்கு லேபிள்காரி, பெருக்குவதற்கு வந்த அம்மா. அவ்வளவுதான் கூட்டம். தொட்டி என் இடுப்பு உயரம்தான். நான் குனிந்து நிற்க வேண்டியிருந்தது. அந்த இடுப்பு வலியோடு.

முதல் நாளே அவரிடம் கேட்டேன். “நான் ஏற்கெனவே வாங்கியிருந்தா இது என்ன சாமி?”

“வெறும் தண்ணிம்மா.”

“வாங்கலேன்னா?”

“இதுதான் எல்லாமே.”

“ரெண்டுல எதுன்னு எனக்கு எப்பத் தெரியும்?”

“தெரியாது” என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை. அதற்காகவே அவரைத் திட்ட முடியவில்லை.

உனக்குத் தெரியுமா, அந்த வாசகம் எப்படித் தொடங்குகிறது என்று? “நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால்.” அதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு மூச்சு எடுத்தார். அதற்குப் பிறகுதான் ‘பிதா, சுதன், பரிசுத்த ஆவி’ எல்லாம். அந்த ஒரு மூச்சு நேரம் நான் யார்? நாற்பத்தொரு வருஷம் கோயிலுக்குப் போனவளா, வாசலில் நிற்பவளா? மற்றவர்களுக்கெல்லாம் ‘நான் உனக்குக் கொடுக்கிறேன்’ என்று நேராகக் கிடைக்கிறது. எனக்கு ஒரு ‘இருந்தால்’ ஒட்டிக்கொண்டு வருகிறது. தண்ணீர் காதுக்குள் போய் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவரிடம் அதையும் சொன்னேன். “நீங்க எதையும் உணரணும்னு இல்லம்மா. இது நீங்க செய்யறதில்ல, உங்களுக்குச் செய்யறது. பச்சக் குழந்தை என்ன உணருது?” என்றார்.

என் வேலை உனக்குத் தெரியும். முத்திரை விழாத பெட்டியும் கழிவு, இரண்டு தடவை விழுந்த பெட்டியும் கழிவு. நான் இதில் எது என்று தெரியாமலே காலத்தை ஓட்ட வேண்டும். யாருக்காவது தெரிந்திருந்தால் இந்தக் கண்றாவி எனக்கு வந்திருக்காது. அதுதான் வயிற்றெரிச்சல்.

பொடிசு


ஜூன் 2

என் பொடிசுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி.

எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும். அம்மா மருத்துவமனையில் இருந்தபோது, நீ வந்து சேருவதற்கு முதல் நாள், என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னாள். அத்தைக்கும் எல்லாம் நினைவிருக்கிறது, அன்றைக்குச் சுற்றியிருந்த சால்வையின் நிறம் வரை. நினைவில்லை என்று எழுதியது நான் சொன்ன பொய்.

அன்று காலை எனக்குக் கடும் காய்ச்சல். வலிப்பு வந்து கண் மேலே செருகிவிட்டதாம். கோயிலில் எல்லாரும் வந்து காத்திருந்தார்கள். அப்பா தள்ளிப்போடலாம் என்றிருக்கிறார். அத்தைதான், “ரெண்டும் ஒரே அச்சு. இதையே ரெண்டு தடவ காட்டினா யாருக்குத் தெரியப் போவுது? அது பொழைச்சு எழுந்ததும் சாமியார்கிட்ட தனியா சொல்லிக்கலாம்” என்று உன்னைத் தூக்கிக்கொண்டு போனார். முதலில் என் பெயர் சொல்லி உன் தலையில் தண்ணீர் விழுந்தது. மற்றதைத் தூக்கி வருகிறேன் என்று சொல்லிப் பின்னால் இருந்த அறைக்குள் போய்ச் சால்வையை மாற்றினார். தலையைத் துவட்ட மறந்துவிட்டார். இரண்டாவது உன் பெயர் சொல்லி, மறுபடி உன் தலையில். அந்த ஈரத் தலை உன்னுடையது. நான் வீட்டில் அம்மா மடியில் கிடந்தேன்.

சாகக் கிடக்கிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். வகுப்பில் நானே எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஏன் ஊற்றவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். “ஊத்தினா நீ சாகப்போறேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்டி. செம்ப கையில எடுத்தேன். அப்புறம் கீழ வெச்சுட்டேன்” என்றாள். காய்ச்சல் விட்டதும் சொல்லலாம் என்று இருந்தார்களாம். அதற்குள் அந்தச் சாமியார் மாற்றலாகிப் போனார். புதியவரிடம் ‘பொய் சொன்னோம்’ என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. அப்படியே நாற்பது வருஷம் போய்விட்டது.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். வெட்கம்தான், வேறென்ன? இந்த ஊரில் பாதிப் பேருக்கு ‘ஞானஸ்நானம் என்றால் என்ன’ என்று சொல்லிக்கொடுத்தவள் நான். பீடத்துத் துணிகளைத் துவைத்து மடிப்பவள் நான். ஞானஸ்நானம் பெறாதவள் நற்கருணை வாங்கக் கூடாது என்று ஆறு வருஷமாக அந்த வரிசையில் நிற்பதில்லை. கேட்பவர்களிடம் முட்டி வலி என்கிறேன். என் முட்டி நன்றாக இருக்கிறது. ஜனவரியில் வகுப்பில் ஒரு சின்னப் பெண், “டீச்சர், உங்களுக்கு எப்போ ஞானஸ்நானம் குடுத்தாங்க?” என்று கேட்டாள். அன்றோடு வகுப்பை விட்டேன். அடுத்த மாதமே உன் கடிதம் வருகிறது, பதிவேட்டைத் திற என்று. அந்தப் பக்கத்தைத் திறந்தால் உன் பெயரோடு என் பெயரையும் யாராவது கிளறுவார்கள் என்று பயந்தேன். உன்னைத் தள்ளிவிட்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

நீ முத்திரை விழாத பெட்டி இல்லை. அது நான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதக்கூட எனக்குக் கூசுகிறது.

பெரிசு


ஆகஸ்ட் 1

என் பொடிசுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று லேபிள்காரிக்குக் கார்டு போட்டுத் தெரிந்துகொண்டேன். கோபித்துக்கொள்ளாதே.

நம் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். கருவியை மாட்டிக்கொண்டு வந்தார். “ஆமா சாமி, நான்தான் மாத்தினேன். ரெண்டும் ஒரே அச்சுங்க” என்று நாற்பத்தொரு வருஷம் கழித்தும் அதே வாதம். சாமியார் சிரித்துவிட்டார். பிறகு உன் வரிக்கு எதிரே இருந்த ஐயத்தை அடித்துவிட்டு, அத்தையின் சாட்சியை எழுதிக் கையெழுத்து வாங்கினார். உன் சான்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் நீ கேட்ட தாள்.

எனக்கு உன்னைப்போல் ‘இருந்தால்’ தேவையில்லையாம். ஐயமே இல்லை, நான் பெறாதவள். ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லிப் புலம்பினேன். கோயிலுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன் சாமி, துவைத்தேன், சொல்லிக்கொடுத்தேன், பெருக்கினேன். பெற வேண்டியது ஒன்று, அதுதான் இல்லை என்றேன். “அது செஞ்சு சம்பாதிக்கிறதில்லையே டீச்சர், சும்மா கைய நீட்டி வாங்குறது. உங்களுக்கு அதுதான் கஷ்டமா இருக்கு” என்றார். பதினேழு வருஷம் இதையே நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு, எல்லார் முன்னிலையிலும். தனியாக வைத்துக்கொள்ளலாம் என்றார், நான்தான் மாட்டேன் என்றேன். ஞானத்தாயாக நிற்க அத்தையே வருகிறேன் என்கிறார். ஒரு தடவை நின்றதே போதும் என்று சொல்லியிருக்கிறேன். ஆள் இன்னும் முடிவாகவில்லை.

உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை.

பெரிசு


ஆகஸ்ட் 22

உனக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். காது அடைப்பு போய்விட்டது.

இரண்டு மாதத்தில் உனக்கு ஆறு கடிதம் எழுதினேன். ஆறையும் கிழித்தேன். எல்லாம் திட்டுதான். ஏழாவதிலும் திட்டு இருக்கிறது, ஆனால் அனுப்பிவிடுகிறேன்.

பிப்ரவரியில் நீ ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் குழந்தையை நான் பிடித்திருப்பேன். இப்போது அது தவழ்கிறது. அவள் வீட்டுக்குப் போனால் வாசலில் விட்ட என் செருப்பைக் கடிக்கிறது. தூக்குகிறேன், கொஞ்சுகிறேன், ஆனாலும் நான் அதற்கு யாரோதான். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் பொய். இந்த வீட்டில் பொய் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

இன்னொன்றும் கேள். என் தலையில் மூன்று தடவை ஊற்றியிருக்கிறார்கள். அதில் உன் பெயர் சொல்லி ஊற்றியதுதான் எனக்குப் பலித்ததாம், மற்ற இரண்டும் வெறும் தண்ணீர் என்று எங்கள் சாமியார் சொல்கிறார். பெயர் மாறினாலும் பரவாயில்லை, யார் தலையில் விழுந்ததோ அவளுக்கே சொந்தமாம். நாற்பத்தொரு வருஷமாக நான் உன்னுடையதை வைத்துக்கொண்டிருப்பதுபோல் எனக்கு இருக்கிறது. நீ எதையும் உணர வேண்டாம் என்பார்கள், ஆனால் நான் இதை உணர்கிறேன். அம்மா செம்பைக் கீழே வைத்த இடத்திலேயே எல்லாம் நின்றுவிட்டது, அந்தச் செம்பை யாராவது எடுக்க வேண்டும்.

நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை வந்துவிடுவேன். நீ அனுப்பிய தாளைக் கையில் கொண்டு வருகிறேன். ஞானத்தாயாக நிற்பவளுக்குச் சான்று கேட்பார்கள், என்னிடம் இருக்கிறது. ஆள் முடிவாகவில்லை என்று இனி யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே. உன் பெயர் உன் தலையில் விழுவதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். துண்டும் நானே எடுத்து வருகிறேன். அத்தையை நம்பினால் துவட்ட மறந்துவிடுவார்.

சாமியாரிடம் கேட்டுப் பார்த்தேன். இந்தக் கணக்கில் இருபது நிமிடம் எல்லாம் செல்லாதாம். முதலில் பெற்றவள் நான். நாற்பத்தொரு வருஷம் மூத்தவள். அதுவும் உனக்குத் தாய் முறை. ஆகவே வந்திறங்கும்போது மரியாதையாக எழுந்து நில். முட்டி நன்றாகத்தானே இருக்கிறது?

இப்படிக்கு,
இனிமேல்
பெரிசு